பழைய அறிவியல் புனைகதைத் தொடர்களை மீண்டும் எடுத்தால் யார் எழுத வேண்டும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் கூடும் ஒரு சிறிய வாசகர் வட்டத்தில், அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி நடந்த உரையாடல்களிலிருந்து இக்கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. வட்டத்தில் பாடசாலை ஆசிரியர்கள், தேயிலைத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர், உயர்தர வகுப்பு மாணவர்கள் எனப் பலரும் இருக்கிறார்கள். பழைய தொடர் ஒன்று மீண்டும் வரப்போகிறது என்ற செய்தி கிடைக்கும்போதெல்லாம், யார் நடிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் ஒரு பக்கமும் யார் எழுதுகிறார்கள் என்று கேட்பவர்கள் மறு பக்கமுமாக வட்டம் பிரிந்துவிடுகிறது. இதைத் தொகுத்தவர் இரண்டாம் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

மறுதொடக்கம் என்று எதைக் குறிப்பிடுகிறீர்கள்? பழைய கதையைத் தொடர்ந்து எடுப்பதும் மறுதொடக்கம்தானா?

இரண்டையும் இங்கே சேர்த்தே பேசுகிறோம். ஆனால் இரண்டுக்கும் தேவைப்படும் எழுத்தாளர் ஒருவர் அல்லர். 1963 நவம்பர் 23ஆம் திகதி பி.பி.சி.யில் தொடங்கிய காலப்பயணத் தொடரான ‘டாக்டர் ஹூ’ 1989இல் நிறுத்தப்பட்டது. 1996இல் ஒரு தொலைக்காட்சிப் படம் மட்டும் வந்து போனது. 2005இல் ரசல் டி. டேவிஸ் அதை மீண்டும் தொடங்கியபோது பழைய கதையை அழிக்காமல் அதன் மேலேயே கட்டினார். நாயகன் சாகும் தறுவாயில் உருவம் மாறி வேறொரு நடிகராக எழும் உத்தி 1966 முதலே அத்தொடரில் இருந்ததால் அது இயல்பாகவும் அமைந்தது. 1978இல் வந்து ஒரே பருவத்தோடு முடிந்துபோன ‘பேட்டில்ஸ்டார் கலக்டிக்கா’வை 2003இல் கையிலெடுத்த ரொனால்ட் டி. மூர் இதற்கு நேர்மாறாக, பெயர்களையும் அடிப்படைச் சூழலையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் முதலிலிருந்து எழுதினார். 1966 முதல் 1969 வரை 79 அத்தியாயங்கள் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ நடுவழியைப் பிடித்தது: 1987இல் வந்த ‘த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ அதே அண்டத்தில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பின்னால், புதிய கப்பலோடும் புதிய மனிதர்களோடும் தொடங்கியது.

தனித்தனிக் கதைகளாக வந்த ‘த ட்வைலைட் ஸோன்’ போன்றவற்றில் தொடர வேண்டிய கதை எதுவும் இல்லை. பெயரும் தொனியும் மட்டுமே எஞ்சுகின்றன. 1985, 2002, 2019 என மூன்று முறை அது மீண்டும் எடுக்கப்பட்டிருக்கிறது. மேலோட்டமாக இதுவே மிக எளிது என்று தோன்றும். 1959 முதல் 1964 வரை வந்த 156 அத்தியாயங்களில் 92ஐ ரொட் சேர்லிங் என்ற ஒரே மனிதர் எழுதினார் என்பதை நினைத்துப் பார்த்தால், உண்மையில் மிகக் கடினமானது இதுதான் என்பது விளங்கும்.

ஏன் பழையவற்றையே தோண்டியெடுக்கிறார்கள்? புதிதாக எழுதினால் என்ன?

தெரிந்த பெயரை விற்பது எளிது. உரிமை ஏற்கெனவே கைவசம் இருக்கும். இதற்கு மேல் இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. இருந்தாலும் கூலிக்காகத் தொடங்கிய வேலையிலும் நல்ல எழுத்து பிறந்திருக்கிறது என்பதால், நோக்கத்தை வைத்து முன்கூட்டியே தீர்ப்புச் சொல்ல நாங்கள் விரும்புவதில்லை.

திரைப்படத்தில் இயக்குநர்தானே தலைவர்? தொலைக்காட்சியில் மட்டும் எழுத்தாளருக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. அமெரிக்க நடைமுறையில், அண்மைக்காலப் பிரித்தானிய நடைமுறையிலும், ஒரு தொடரின் இயக்குநர்கள் வாரத்துக்கு வாரம் மாறுவார்கள். தலைமை எழுத்தாளர் மாறுவதில்லை. எந்தக் கதை எடுக்கப்படும், எது கைவிடப்படும், யார் சாவார், பருவம் எங்கே முடியும் என்பனவற்றை அவரே முடிவு செய்கிறார். பெரும்பாலும் நிர்வாகத் தயாரிப்பாளர் என்ற பதவியும் அவருக்கே உரியது.

‘ஸ்டார் ட்ரெக்’ என்றதும் மக்கள் நினைவுக்கு வருபவற்றை எடுத்துப் பாருங்கள். தொடரை உருவாக்கியவர் ஜீன் ரொடன்பெரி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிளிங்கன்கள் என்ற எதிரி இனத்தைக் கொண்டுவந்தவர் ஜீன் எல். கூன். கப்பல் அதிகாரி ஸ்பொக்கின் தாய் தந்தையரையும் அந்தக் குடும்பத்தின் உள்மனக் கசப்பையும் 1967இல் எழுதிக் காட்டியவர் டி.சி. ஃபொன்டானா. டொரதி என்ற தம் பெண்பெயரை மறைத்து, முதலெழுத்துகளோடு அவர் எழுத வேண்டியிருந்த காலம் அது. ‘நீடு வாழ்க, வளம் பெறுக’ என்ற வாழ்த்து நாவலாசிரியர் தியடோர் ஸ்டர்ஜன் எழுதிய அத்தியாயத்திலிருந்து வந்தது. தொடரின் ஆன்மா என்று இரசிகர்கள் கொண்டாடுவதில் பாதி, சம்பளத்துக்கு எழுதியவர்கள் போட்டது.

மறுபக்கச் சான்றும் உண்டு. 2007இல் ‘பயோனிக் வுமன்’ என்ற 1970களின் தொடர் மீண்டும் எடுக்கப்பட்டது. புதிய கலக்டிக்காவின் தயாரிப்பாளர்களில் ஒருவரான டேவிட் ஐக் அதிலும் இருந்தார். கலக்டிக்காவில் பெயர்பெற்ற நடிகை கேட்டி சாக்கொஃப் அதிலும் நடித்தார். ஆனால் தொடரை நடத்தும் எழுத்தாளர்கள் அடிக்கடி மாறிக்கொண்டேயிருந்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் எழுத்தாளர் வேலைநிறுத்தமும் தொடங்கிவிட, எட்டு அத்தியாயங்களோடு எல்லாம் முடிந்தது. முகமும் பணமும் இருந்தன. இன்னது எழுதுகிறோம் என்று தெரிந்த ஒருவர் இருக்கவில்லை.

பழைய தொடரைக் கரைத்துக் குடித்த ஓர் இரசிகரிடமே ஒப்படைத்துவிடலாம் அல்லவா?

வட்டத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. அன்பு தேவைதான். ஆனால் அன்பு மட்டும் உள்ளவர் பழையதை அப்படியே பிரதி எடுத்துத் தருவார். அந்தத் தொடரோடு தீராத வழக்கு ஒன்றும் அவருக்கு இருக்க வேண்டும் என்பதே எங்கள் பதில். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

மூரின் கதையையே எடுத்துக்கொள்வோம். ‘ஸ்டார் ட்ரெக்’கைச் சிறுவயது முதல் நேசித்த அவர், 1989இல் தாமாக எழுதி அனுப்பிய ஒரு கதையின் மூலம் ‘த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ எழுத்தாளர் குழுவுக்குள் நுழைந்தார். பத்தாண்டுகள் அந்தக் குடும்பத்துத் தொடர்களில் எழுதிய பிறகு, 1999இல் ‘வொயேஜர்’ தொடருக்குப் போய், சிறிது காலத்திலேயே மனக்கசப்போடு வெளியேறினார். அத்தொடரில் ஒரு கப்பல் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தொலைவில் தனித்து விடப்படுகிறது. ஆனால் ஒவ்வொரு வாரமும் புதுக்கருக்குக் கலையாமல் பளபளவென்று நிற்கும்: எரிபொருள் தீராது, மனிதர் உடைந்துபோக மாட்டார்கள், சென்ற வாரம் பட்ட அடி இந்த வாரம் தெரியாது. இந்தப் பொய்யைத்தான் மூரால் பொறுக்க முடியவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் எழுதிய கலக்டிக்காவில், மனித இனத்தின் பேரழிவுக்குப் பின் கப்பல்களில் தப்பியோடி உயிர் பிழைத்தவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். தண்ணீர் தீர்கிறது, மருந்து தீர்கிறது, விமானிகள் தூக்கமின்றிச் சரிகிறார்கள். ஒரு தொடரோடு இருந்த வழக்கை அவர் இன்னொரு தொடரில் தீர்த்துக்கொண்டார் என்று சொன்னாலும் தவறில்லை.

டேவிஸும் அப்படியே. சிறுவனாக ‘டாக்டர் ஹூ’ பார்த்து வளர்ந்த அவர், 1999இல் ‘குவீர் ஏஸ் ஃபோக்’ எழுதிப் பெயர் பெற்றவர். வீட்டுக்கூடத்தில் மனிதர்கள் பேசிக்கொள்ளும் பேச்சை எழுதத் தெரிந்தவர். பழைய தொடரில் நாயகனோடு அண்டவெளிக்குப் பறந்துபோன பெண்களின் வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்டதில்லை. 2005இல் வந்த புதிய பருவத்தில், இலண்டன் கடையொன்றில் வேலை செய்த ரோஸ் பன்னிரண்டு மணிநேரத்தில் திரும்பிவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வருகிறாள். உண்மையில் பன்னிரண்டு மாதங்கள் கழிந்திருக்கின்றன, காணாமல்போன மகளைத் தேடித் தாய் அறிவித்தல் ஒட்டித் திரிந்திருக்கிறாள். கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளின் அழைப்புக்காகக் காத்திருக்கும் தாய்மார் நிறைந்த லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இரசிகரே அல்லாத ஒருவர் எழுதினால்?

அதுவும் நடந்திருக்கிறது. 1982இல் வந்த இரண்டாவது ‘ஸ்டார் ட்ரெக்’ திரைப்படத்துக்குப் பொறுப்பேற்ற நிக்கலஸ் மேயர் அதற்கு முன் அத்தொடரை அறியாதவர். பழைய அத்தியாயங்களைப் போட்டுப் பார்த்தார். இது கடற்படைக் கதை என்று தமக்குத்தாமே ஒரு விளக்கம் செய்துகொண்டு எழுதினார். தொடரின் இரசிகர்கள் இன்றும் முதலிடத்தில் வைக்கும் படம் அது. அறியாதவர் வரலாம். பார்க்க மறுப்பவர் வரக் கூடாது.

உருவாக்கியவரே உயிரோடு இருந்தால் அவரிடம் கொடுப்பதுதானே முறை?

முறையாகத் தோன்றலாம்; பயன் தருமா என்பது வேறு. 1987இல் ரொடன்பெரி தாமே திரும்பி வந்தார். எதிர்கால மனிதர் தமக்குள் சண்டையிடமாட்டார்கள் என்று அவர் விதித்த விதி, எழுத வந்தவர்களின் கையைக் கட்டிப்போட்டது. பழைய தொடரில் அவரோடு உழைத்த ஃபொன்டானாவும் டேவிட் ஜெரல்டும்கூட முதல் பருவம் முடியும் முன்பே விலகினார்கள். மூன்றாம் பருவத்தில் மைக்கேல் பில்லர் பொறுப்பேற்ற பிறகே தொடர் நிமிர்ந்தது என்பது பரவலான கருத்து. எங்கள் கருத்தும் அதுவே. ‘த எக்ஸ் ஃபைல்ஸ்’ 2016இல் திரும்பி வந்தபோதும் அதை உருவாக்கிய கிறிஸ் கார்டரே நடத்தினார். அந்த ஆறு அத்தியாயங்களில் அதிகம் பாராட்டப்பட்டது டாரின் மோர்கன் எழுதியது. தொண்ணூறுகளிலேயே அந்தத் தொடரை உள்ளிருந்தபடி கேலி செய்துகொண்டிருந்தவர் அவர். வழக்கு உள்ளவரே வென்றார் என்று இங்கும் குறித்துக்கொள்ளலாம்.

புகழ்பெற்ற நாவலாசிரியர் ஒருவரை அழைத்தால் என்ன?

அத்தியாயம் எழுத அழைக்கலாம். தொடரை நடத்த அழைக்கும் முன் யோசிக்க வேண்டும். 1960களில் ஸ்டர்ஜன், ரிச்சர்ட் மதசன், ரொபர்ட் புளொக் ஆகியோர் ‘ஸ்டார் ட்ரெக்’குக்கு எழுதினார்கள். ஹார்லன் எலிசன் எழுதிய கதை 1967இல் ஒளிபரப்பானபோது, பலர் கை பட்டு மாற்றி எழுதப்பட்டிருந்தது. எலிசன் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவருடைய மூலப் பிரதி எழுத்தாளர் சங்கத்தின் விருதையும், ஒளிபரப்பான வடிவம் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதையும் பெற்றன என்பது இந்தச் சண்டையில் யாரையும் வெல்லவிடாத வேடிக்கை. நாவலாசிரியர் தனியறையில் எழுதிப் பழகியவர். தொடரின் தலைமை எழுத்தாளரோ பிறர் எழுதியதைத் திருத்தி, நாளைய படப்பிடிப்புக்கு இன்றிரவே அனுப்பி, செலவு மீறினால் ஒரு போர்க்காட்சியை இருவர் பேசும் காட்சியாக மாற்றத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

பழையதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? இரசிகர் கோபப்பட மாட்டார்களா?

கோபப்படுவார்கள். கலக்டிக்காவில் ஸ்டார்பக் என்ற விமானியை மூர் பெண்ணாக மாற்றியபோது, பழைய தொடரில் அவ்வேடத்தில் நடித்த டேர்க் பெனடிக்ட் அதைக் கண்டித்துக் கட்டுரையே எழுதினார். பழைய கதையைத் தொடர வேண்டுமென்று தம் சொந்தப் பணத்தில் ஒரு முன்னோட்டப் படம் எடுத்துப் போராடிய ரிச்சர்ட் ஹட்ச்சும் முதலில் எதிர்த்தார். ஆனால் பின்னர் அவரே புதிய தொடரில் டொம் ஸாரெக் என்ற முன்னாள் கைதியாக நடித்து, அதன் சிறந்த பாத்திரங்களில் ஒன்றை உருவாக்கினார். இரசிகர் கோபத்தில் அன்பு கலந்திருந்தால் காலம் அதைக் கரைக்கும். அதற்கு அஞ்சி எழுதத் தொடங்கினால் எதுவும் எழுத முடியாது.

மலையகத்தில் காமன் கூத்து பார்த்தவர்களுக்கு இந்தச் சமநிலை புதிதன்று. மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள் என்பது கூட்டத்தில் உள்ள குழந்தைக்கும் தெரியும். அதை மாற்றினால் யாரும் ஏற்கமாட்டார்கள். ஆனால் கோமாளியின் பேச்சில் அந்த ஆண்டுத் தோட்டத்து நிலவரம் வராவிட்டால் கூத்து சப்பென்று போய்விட்டது என்பார்கள். மாறாத பகுதி எது, ஆண்டுதோறும் புதிதாக வர வேண்டிய பகுதி எது என்பதைக் கூத்து மாஸ்டர் அறிந்திருக்கிறார்.

புதிய கலக்டிக்காவில் அவ்வாறு புதிதாக வந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய விண்வெளித் தொடர்களில் கப்பல்கள் ஓடிக்கொண்டேயிருக்கும்; எரிபொருளை யார் சுத்திகரிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 2007இல் ஒளிபரப்பான ‘டர்ட்டி ஹேண்ட்ஸ்’ என்ற மூன்றாம் பருவ அத்தியாயம் அதைக் கேட்டது. சுத்திகரிப்புக் கப்பலில் வேலை செய்வோருக்கு ஓய்வில்லை. வேறிடம் மாறிச் செல்ல வழியில்லை. பெற்றோர் செய்த வேலையே பிள்ளைகளுக்கும் என்று ஆகிவிடுகிறது. பொறிமுறைத் தலைவர் டைரல் வேலைநிறுத்தம் அறிவிக்கிறார். தளபதி அடாமா அதைக் கலகம் என்று சொல்லி, டைரலின் மனைவியைச் சுட்டுவிடுவதாக மிரட்டி நிறுத்தவைக்கிறார். பிறகு ஜனாதிபதி ரொஸ்லின் தொழிற்சங்கம் அமைக்க ஒப்புக்கொள்கிறார். வட்டத்தில் இதைப் பார்த்த அன்று பேச்சு விண்வெளியில் நிற்கவில்லை. தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டங்களுக்கும், லயத்தில் பிறந்தவர் கொழுந்துக்கூடையைத்தான் தூக்க வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்புக்கும் போய்விட்டது. எழுதியவர்களுக்கு இந்த ஊர் இருப்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. பழைய தொடர் கேட்காமல் விட்ட கேள்வி எது என்று தேடியதே போதுமானதாக இருந்தது.

புதிய எழுத்தாளர்களை எங்கே தேடுவது?

தொடர் நின்றுபோன காலத்திலும் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்களிடம். ‘டாக்டர் ஹூ’ ஒளிபரப்பில்லாத பதினாறு ஆண்டுகளில் நாவல்களாகவும் ஒலி நாடகங்களாகவும் உயிர்வாழ்ந்தது. ரொபர்ட் ஷியர்மன் 2003இல் எழுதிய ஒலி நாடகத்திலிருந்தே நாயகனின் பழைய எதிரிகளான டாலெக்குகளைப் பற்றிய 2005ஆம் ஆண்டின் ‘டாலெக்’ அத்தியாயம் பிறந்தது. போல் கோர்னெல் 1995இல் எழுதிய நாவலை அவரே 2007இல் தொலைக்காட்சிக்கு எழுதினார். டாலெக்குகளின் உரிமை அவற்றைப் படைத்த டெரி நேஷனின் குடும்பத்தார் தரப்பிடம் இருந்ததால், பேச்சுவார்த்தை முறிந்து ஒரு கட்டத்தில் டாலெக் இல்லாமலேயே அந்த அத்தியாயத்தை எழுத வேண்டிய நிலையும் வந்தது. எழுத்தாளரைத் தேர்பவர்கள் உரிமைப் பத்திரங்களையும் வாசிக்க வேண்டும் என்பதற்காக இதையும் சொல்லிவைக்கிறோம்.

இன்னொரு வழி கதவைத் திறந்து வைப்பது. பில்லர் காலத்து ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ யாரும் கதை எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தது. பெரும்பாலானவை பயன்படாதவைதான். ஆனாலும் மூர் போன்ற ஒருவர் கிடைத்தார் என்றால் அத்தனை வாசிப்பும் வீணல்ல.

நம் பக்கத்து எழுத்தாளர் ஒருவர் இப்படியொரு தொடருக்கு எதைக் கொண்டுவர முடியும்? அறிவியல் புனைகதை நமக்கு அந்நியமானதல்லவா?

அந்நியம் என்பதை ஏற்க முடியாது. 1956 முதல் 2008இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வெளிவந்த ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கியை நாட்டும் மலைக்கு முன்மாதிரியாகச் சிவனொளிபாதமலையையே எடுத்துக்கொண்டார். அறிவியல் பொருந்த வேண்டும் என்பதற்காகத் தீவையே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி நிலநடுக்கோட்டில் வைத்தார். பொறியியலாளரும் பிக்குகளும் பழங்கால மன்னனும் அக்கதையின் மைய மாந்தர். மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி வழியாக மலையேறுபவர்கள் இருபுறமும் காணும் தேயிலை மலைகளில் வேலை செய்யும் மக்கள் அந்த மையத்தில் இல்லை. மேலே சொன்ன வழக்கு என்பது இதுதான். அந்த நாவலை நேசித்து, இந்த இல்லாமையை மன்னிக்காத ஒருவர் எங்கள் பகுதியில் இருந்தால், அதைத் தொலைக்காட்சிக்கு எழுத அவரைவிடப் பொருத்தமானவரை நாங்கள் அறியோம்.

கொண்டுவரக்கூடியவை வேறும் உண்டு. புதிய கலக்டிக்காவில் ஜனாதிபதியின் அறைப் பலகையில் உயிரோடிருப்பவர்களின் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கும்; ‘33’ என்ற அத்தியாயத்தின் முடிவில் ஒரு குழந்தை பிறக்க, ரொஸ்லின் அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டுகிறார். நம் மக்களையும் எண்ணாக எழுதினார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி நின்றவர்களை 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 என்று கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்க்கப்படுவர் என்று பிரித்தது. அந்த எஞ்சியவர்களை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். தாம் பிறந்த மண்ணே தம்மை அடையாளம் காணாத மனிதரைப் பற்றி விண்வெளித் தொடர்கள் எத்தனையோ கதை சொல்லியிருக்கின்றன. அதைக் கற்பனை செய்ய வேண்டிய தேவையின்றி எழுதக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் வழிபாட்டிடங்கள் வெளியே தெரிவதைப் பார்த்தவருக்குக் காலப்பயணக் கதை எழுதவும் பெரிய முன்தயாரிப்பு வேண்டியதில்லை.

இது நடக்காத காரியமும் அன்று. 1963இல் ‘டாக்டர் ஹூ’வின் முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் இலக்னோவில் பிறந்தவர். 2018இல் அதே தொடரில் 1947ஆம் ஆண்டுப் பஞ்சாப் பிரிவினையைப் பற்றிய அத்தியாயத்தை வினய் பட்டேல் எழுதினார். அந்தக் கதையில் வேற்றுக்கிரகவாசிகள் வில்லர்கள் அல்லர். சகோதரனைக் கொல்ல வருபவன் சகோதரனே.

தமிழில் இப்படி மீண்டும் எடுக்கத்தக்க தொடர் ஏதும் உண்டா?

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை முதலில் சொல்வோம். ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து, தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பானது. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் இந்தியாவில், பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டிய காலத்தில், காணாமல்போன கணவனைத் தேடும் நிலாவையும், ஜீனோ என்ற இயந்திர நாயையும் சுற்றிய கதை. அதற்கு ஆசிரியர் குறித்த 2021உம் கடந்துவிட்டது.

குறித்த ஆண்டு கடந்துபோனால் என்ன செய்வது என்பது மறுதொடக்க எழுத்தாளர்கள் எல்லோரும் சந்திக்கும் இக்கட்டு. ‘ஸ்டார் ட்ரெக்’ 1967இல், 1990களில் ஒரு பெரும்போர் நடந்ததாகச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டது. 2023இல் வந்த ஓர் அத்தியாயத்தில், காலப்பயணிகளின் குறுக்கீட்டால் அந்தப் போர் தள்ளிப்போய்விட்டது என்று சமாளித்தது. ஜீனோவுக்கு இத்தகைய சாமர்த்தியம் தேவையில்லை என்பது என் எண்ணம். ஆண்டைச் சொல்லாமலே விட்டுவிடலாம். ஜீனோவின் நகைச்சுவையைத் தொடாமல் விட வேண்டும். அது கெட்டால் எஞ்சுவது வழக்கமான சர்வாதிகாரக் கதை மட்டுமே.

எழுத்தாளருக்கு அறிவியல் தெரிந்திருக்க வேண்டுமா?

தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். கலக்டிக்காவுக்கு, நாசாவின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய கெவின் கிரேஸியர் ஆலோசகராக இருந்தார்.

மீண்டும் எடுக்கவே கூடாத தொடர் உண்டா?

‘த பிரிஸனர்’ என்று சொல்வேன். 1967–68இல் வந்த அந்தப் பதினேழு அத்தியாயங்கள் பட்ரிக் மகூகன் என்ற ஒரு மனிதரின் பிடிவாதத்திலிருந்து வந்தவை. 2009இல் ஆறு அத்தியாயங்களாக மீண்டும் எடுத்தபோது நல்ல நடிகர்களும் பணமும் இருந்தும் அந்தப் பிடிவாதத்தை எங்கிருந்தும் இரவல் வாங்க முடியவில்லை. வட்டத்தில் இதை ஏற்காதவர்கள் சிலர் இருக்கிறார்கள்.

எழுத்தாளரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நீங்கள் இருந்தால் என்ன கேட்பீர்கள்?

முதல் அத்தியாயத்தைக் கேட்கமாட்டேன். முதல் அத்தியாயத்தை எல்லோரும் நன்றாகவே எழுதுவார்கள்; பல ஆண்டுகளாக மனத்தில் ஊறியது அது. பழைய தொடர் எந்த இடத்தில் பொய் சொன்னது என்று கேட்பேன். பதில் வர நேரமானால் அவர் அத்தொடரைச் சரியாகப் பார்க்கவில்லை, அல்லது அளவுக்கு மீறி நேசிக்கிறார். பிறகு ஏழாவது அத்தியாயத்தின் சுருக்கத்தைக் கேட்பேன்: பெரிய சண்டை இல்லாத, செலவுக்குப் பணமும் இல்லாத, கப்பலுக்குள்ளேயே நடக்கிற, யாரும் சாகாத ஓர் அத்தியாயம். கூடவே, அந்த அத்தியாயத்தை எழுதப்போகும் இளைய எழுத்தாளர் ஒருவரின் முதல் வரைவை அவரிடம் கொடுத்து, ஒரு மணிநேரத்தில் என்னென்ன திருத்துகிறார், எதைத் தொடாமல் விடுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்.